கம்ப்யூட்டரும் கருவாட்டுக் கொக்கும்

கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு. எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி இது. சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். 2024 ஜூனிலிருந்து 2026 ஜனவரி வரை அந்தக் கொக்காகவே வாழ்ந்தும் பார்த்துவிட்டேன் :-)

வகுப்பில் வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். "மச்சி, இப்ப டெஸ்க்டாப் வாங்கலாமா? இல்ல புதுசு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இல்லாததால் இன்றைக்கு ஒரு வேலை நிற்கிறது என்றால் இன்றைக்கே வாங்குங்கள். "இன்ன பொருள் வருகிறது, இன்ன தேதிக்கு வருகிறது, வந்தால் எனக்கு இவ்வளவு லாபம்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் மட்டும் காத்திருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் கொக்குகள்.

என் கதையைச் சொன்னால் புரியும்.

2024 ஜூனில் அப்பாவுக்குச் சீட்டுப் பணம் வந்தது. அதில் அறுபதாயிரத்தை என் கையில் கொடுத்து, "படிப்புக்கு வேணும்னு சொன்னியே, வாங்கிக்கோ" என்றார். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி ஒரு கொட்டேஷனும் வாங்கியாயிற்று. ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.5 ரேம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி., 24 இன்ச் மானிட்டர். கிராபிக்ஸ் கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து அறுபதுக்குள் அடங்கியது.

அதே வாரம் தைவானில் நடந்த கம்ப்யூட்டெக்ஸ் கண்காட்சியில் ஏ.எம்.டி. தன் ரைசன் 9000 வரிசையை அறிவித்தது. அவ்வளவுதான், எனக்குள் இருந்த அறிவாளி விழித்துக்கொண்டான். "ரெண்டு மாசத்துல புதுசு வருது, இப்பப் போய் பழசை வாங்குறவன் முட்டாள்" என்று அப்பாவிடம் ஒரு லெக்சரே கொடுத்தேன். அவரும் "உனக்குத் தெரியாததா" என்று பணத்தை பேங்கில் போட்டுவிட்டார்.

ஆகஸ்டில் புதிய ப்ராசஸர்கள் வந்தன. கேம்களில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சரி, அக்டோபரில் இன்டெல் வருகிறதே என்று இருந்தேன். கோர் அல்ட்ரா 200 வந்தது. மின்சாரம் குறைவாகத்தான் குடித்தது, ஆனால் பல கேம்களில் தன் முந்தைய தலைமுறையையே அதனால் முந்த முடியவில்லை. 2025 ஜனவரியில் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையை அறிவித்தது. முதல் சில மாதங்களுக்கு அறிவித்த விலையில் கார்டு கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. மே மாதம் 5060 வரட்டும் என்றேன்.

மே போய் ஜூன் வந்தது. தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அறுபதில் இருபத்தைந்து ஃபீஸுக்குப் போனது. நியாயமான செலவு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மீதி இருந்தது முப்பத்தைந்துதான்.

"பரவாயில்லை, விலை குறையும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறைப்பு பற்றிய அறிவிப்பு வந்தது. ஆகா, அடித்தது யோகம்! செப்டம்பர் 22 வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கும் டி.வி.க்களுக்கும் 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது. கம்ப்யூட்டருக்கு முன்பும் 18, பின்பும் 18. சரி, தீபாவளி ஆஃபர் பார்ப்போம் என்றேன்.

தீபாவளிக்குப் பிறகுதான் உண்மையான வெடி வெடித்தது. ரேம் விலை ஏறத் தொடங்கியது. உலகத்தின் ரேம் சிப்புகளில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே மூன்று கம்பெனிகள்தான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் அள்ளி அள்ளி வாங்கியதால், மூன்றுமே தங்கள் உற்பத்தியை அதிக லாபம் தரும் அந்தப் பக்கம் திருப்பின. 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாக விற்கும் தன் குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. நான் 2024-ல் கொட்டேஷன் வாங்கிய அதே 16 ஜி.பி. ரேமின் விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போயிருந்தது.

இப்போது அந்த இன்னொருவன் கதை. என் வகுப்பு நண்பன் ஒருவன் 2024 ஜூனில், என்னோடு அதே கடைக்கு வந்து, அதே கொட்டேஷனைக் கொடுத்து, அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனான். அவனைத்தான் நான் மனதுக்குள் முட்டாள் என்று திட்டினேன். லீவில் பிளெண்டர் கற்றுக்கொண்டான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் கல்யாணப் பத்திரிகை வீடியோ செய்துகொடுக்க ஆரம்பித்தான். சம்பாதித்த காசில் 2025 மேயில், விலை ஏறுவதற்கு முன், இன்னொரு 16 ஜி.பி. ரேம் போட்டான். இதைவிடக் கொடுமை, நான் எந்த ரைசன் 9000-க்காகக் காத்திருந்தேனோ அது அவனுடைய அதே மதர்போர்டில் பயாஸ் அப்டேட் செய்தால் அப்படியே உட்காரும். அதாவது அவன் வாங்கியதால் எதையும் இழக்கவில்லை. இழந்தது நான்தான். பத்தொன்பது மாதம், மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற காலேஜ் லேபும், ஆன் ஆகவே நாலு நிமிடம் எடுத்துக்கொள்ளும் வீட்டுப் பழைய பெட்டியுமாக ஓட்டினேன்.

சொந்தச் சோகம் போதும். பொதுவாகப் பேசுவோம்.

காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நம்பிக்கையில்தான் காத்திருக்கிறார்கள்: கம்ப்யூட்டர் பொருள்களின் விலை எப்போதும் இறங்கும். பத்து வருடக் கணக்கில் பார்த்தால் இது சரிதான். ஆனால் நாம் காத்திருப்பது பத்து வருடமா? ஆறு மாதம், ஒரு வருடம். அந்தக் குறுகிய கணக்கில் விலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். 2011-ல் தாய்லாந்தில் பெரிய வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. சில வாரங்களில் உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது, பழைய நிலைக்கு வர நெடுநாள் ஆனது. 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டு, 2021-ல் சிப் தட்டுப்பாட்டாலும் கிரிப்டோ மைனிங்காலும் வெளிச் சந்தையில் இரண்டு மடங்குக்கு மேல் விற்றது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு அந்த மைனிங் கூத்து முடிந்தது. 2025 கடைசியில் ரேம். வெள்ளம், கிரிப்டோ, செயற்கை நுண்ணறிவு என்று காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. நம் ஊர் ஜோசியர் யாரும் இதில் ஒன்றைக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை :-)

சரி, விலை போகட்டும். வேகம்? காத்திருந்தால் வேகமான மெஷின் கிடைக்குமே?

இதற்கு ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. 1999-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில வானியல் ஆய்வாளர்கள் பாதி விளையாட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டரின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு பெரிய கணக்கீடு இருக்கிறது. இன்றைக்கே தொடங்கலாமா, கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டுப் புது மெஷின் வாங்கித் தொடங்கலாமா? கணக்கீடு இன்றைய மெஷினில் 26 மாதத்துக்கு மேல் ஓடும் என்றால் சும்மா இருப்பதுதான் லாபம் என்று கண்டுபிடித்தார்கள்! நானும் போட்டுப் பார்த்தேன். 40 மாதம் ஓடும் வேலை என்றால், 11 மாதம் கடற்கரையில் கடலை தின்றுவிட்டு வந்து புது மெஷினில் தொடங்கினால், மொத்தம் 37 மாதத்தில் முடிந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே ஆரம்பித்தவன் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்காது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வேலை 26 மாதத்துக்குக் குறைவு என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நம் செமஸ்டர் ப்ராஜெக்ட் நாலு மாதம். அதில் மெஷின் உண்மையாக ஓடும் நேரம் சில மணிகள். மீதியெல்லாம் நம் மூளை ஓட வேண்டிய நேரம், அதற்கு எந்தக் கம்பெனியும் அப்கிரேடு விடுவதில்லை. இன்னொன்று, 18 மாதத்தில் இரட்டிப்பு என்பது அந்தக் காலத்துக் கதை. இன்றைக்கு நாம் வாங்கும் விலையில் வேகம் இரட்டிப்பாக ஐந்து வருடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த 26 மாதம் 86 மாதமாகிவிடுகிறது. அதாவது ஏழு வருடத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டிய கணக்கீடு உங்களிடம் இருந்தால் தாராளமாகக் காத்திருங்கள்!

பணக் கணக்கும் இப்படித்தான். அறுபதாயிரம் ரூபாய் மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். ஆறு மாதம் காத்திருந்து மூவாயிரம் மிச்சம் பிடித்தால், அந்த மெஷின் ஒரு மாதம் உங்களிடம் இருப்பதன் மதிப்பு வெறும் ஐந்நூறு என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அப்படியானால் ஆயிரம் கொடுத்து வாங்குவானேன்? ஐந்நூறுக்கு மேல் மதிப்பு என்றால் காத்திருந்தது நஷ்டம். ஐந்நூறுக்கும் குறைவு என்றால் உங்களுக்குக் கம்ப்யூட்டரே அவசரமில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் விடை தெரிந்துவிட்டது.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள். "இப்ப சின்னதா வாங்கு, அப்புறம் அப்கிரேடு பண்ணிக்கலாம்." இது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம்.

ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் பிறகு சேர்ப்பது எளிது. ப்ராசஸர் அப்படியல்ல, மதர்போர்டின் சாக்கெட்டைப் பொறுத்தது. 2017-ல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரை அதே போர்டில் போட்டார்கள். ஐந்து வருடப் போர்டில் புத்தம் புது ப்ராசஸர்! ஆனால் அதே 2017 ஜனவரியில் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை வாங்கியவர்கள் கதை வேறு. அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. சாக்கெட்டின் பெயர் அதேதான், 1151. ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது, புது போர்டு வாங்க வேண்டும். அவர்கள் துரதிர்ஷ்டம் அதோடும் முடியவில்லை. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஆதரவு, ஏழுக்கு அனேகமாக இல்லை. எங்கள் வீட்டுப் பழைய பெட்டி ஏழாம் தலைமுறை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது அதற்கும் கர்மம் செய்ய வேண்டியதாயிற்று (பிறகு லினக்ஸ் போட்டு உயிர்ப்பித்துவிட்டேன்).

ஆகவே வாங்கும்போது என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்:

1. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வருவதை நம்பி மற்ற பாகங்களைப் பலி கொடுக்காதீர்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அடுத்த கம்ப்யூட்டருக்கும் வரும். கரண்ட் கட்டாகும் ஊர் என்றால் ஒரு யூ.பி.எஸ்.ஸும் கணக்கில் சேருங்கள்.

2. ரேமை ஒரே குச்சியாக வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். இரண்டு குச்சி போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் ரேம் விலை தாறுமாறாக இருக்கும் காலத்தில் பாதியை இப்போது, பாதியைப் பிறகு என்று பிரித்துக்கொள்வது பர்ஸுக்கு நல்லது.

3. கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுவதாக இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ப்ராசஸராகப் பார்த்து வாங்குங்கள். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஆயிரம் ரூபாய் குறைவு என்று வாங்கிவந்து, வீட்டில் மானிட்டர் கறுப்பாகவே இருப்பதைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு.

4. சாக்கெட்டின் ஆயுளைக் கேளுங்கள். கடைசி தலைமுறையில் நிற்கும் சாக்கெட் தவறில்லை, ஆனால் "பிறகு ப்ராசஸர் மாற்றலாம்" என்ற கனவையும் அதோடு சேர்த்து வாங்காதீர்கள்.

காத்திருப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேதி அறிவித்த புதுப்பொருள் ஒரு மாதத்துக்குள் வருகிறது, அதையே வாங்கப் பணமும் இருக்கிறது என்றால் பொறுங்கள். இருக்கும் மெஷின் வேலையைத் தடுக்கவில்லை என்றாலும் பொறுங்கள், வாங்காத கம்ப்யூட்டருக்கு வாரன்டி தீர்வதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய மெஷின் இருந்தால் முதலில் ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டிப் பாருங்கள். பலருக்குப் புது கம்ப்யூட்டர் ஆசையே அதோடு தீர்ந்துவிடும். ஒரு பாகத்தின் விலை மட்டும் பேயாட்டம் ஆடும்போது, அந்தப் பாகம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய மெஷினை வாங்கி இடைக்காலத்தை ஓட்டுவதும் ஒரு நல்ல வழி.

கடைசியில் சொன்னதைத்தான் நான் செய்தேன். 2026 ஜனவரியில், ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட டெஸ்க்டாப் ஒன்றை மானிட்டர் இல்லாமல் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜி.பி. ரேம் உள்ளேயே இருந்தது. இப்படி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல பிராண்டட் ஆபீஸ் மெஷின்களில் எஸ்.எம்.பி.எஸ். வயர் அந்தக் கம்பெனியின் போர்டுக்கு மட்டும் பொருந்துவது, குட்டி கேபினெட்டில் சாதாரண கிராபிக்ஸ் கார்டும் நுழையாது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

2024-ன் ப்ராசஸர் பழசு என்று வேண்டாம் என்றவன், 2026-ல் அதைவிடப் பல வருடம் பழைய ப்ராசஸரைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறேன். இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. என் ப்ராஜெக்டுக்கு இதுவே போதுமாக இருக்கிறது! அதாவது எந்த மெஷினாக இருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். பத்தொன்பது மாதமும் எனக்குத் தேவைப்பட்டது புதிய ப்ராசஸர் இல்லை, மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர்.

மெஷினைக் கொண்டுவந்த அன்று அப்பா பார்த்துவிட்டு, "இதுதான் நீ சொன்ன புது மாடலாப்பா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "ஆமாப்பா" என்றேன். வேறென்ன சொல்ல!

மீதிப் பதினேழாயிரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "வச்சுக்கோ, அப்புறம் ஏதாவது புதுசு வந்தா வாங்கிக்கலாம்" என்றார். வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.